புள்ளியும் கோடும்: தரமணி வட்டாரத்தில் நீரளவையின் வரலாறு

சென்னையின் தென்பகுதியில், அடையாற்றுக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் நடுவே அமைந்த தரமணியை இன்று டைடல் பூங்காவையும் பழைய மாமல்லபுரம் சாலையின் கணினி நிறுவனங்களையும் கொண்டே பலர் அறிவர். தமிழகத்தின் ஆறு, ஏரி, கிணறு ஆகியவற்றைப் பற்றிய எண்கள் வந்து சேரும் இடமும் இவ்வூர்தான். மாநில நிலம் மற்றும் மேற்பரப்பு நீர்வள ஆதார விவரக் குறிப்பு மையமும், தமிழகத்தை 17 ஆற்றுப்படுகைகளாகவும் 127 துணைப்படுகைகளாகவும் பகுத்துத் திட்டமிடும் நீராய்வு நிறுவனமும் இங்கே இயங்குகின்றன. வடக்கே இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் தென்மேற்கே பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமும் உள்ளன. ஒன்று நிலத்தடி நீரையும் மற்றொன்று ஆற்றையும் இன்னொன்று கடலையும் ஆராய்ந்தாலும், இந்நிறுவனங்கள் அனைத்துக்கும் பொதுவான வேலை ஒன்று உண்டு. கணித்துப் பெற்ற நீரின் நிலையையும் அளந்து பெற்ற நிலையையும் ஒரே வரைபடத்தில் ஏற்றி, இரண்டும் எங்கே கூடுகின்றன, எங்கே விலகுகின்றன என்று பார்ப்பதே அது.

கணித மாதிரி என்பது, நீர் எவ்விதிகளின்படி நகர்கிறது, தேங்குகிறது, கலக்கிறது என்பதைச் சமன்பாடுகளாக எழுதி, மழை, இறைப்பு, காற்று, அலை ஆகிய புறக்காரணங்களின் அளவுகளை அவற்றுள் செலுத்தி, குறித்த இடத்தில், குறித்த நாளில், குறித்த ஆழத்தில் நீர் எந்நிலையில் இருக்கும் என்று விடை சொல்லும் கணக்கு. ஆழவாரி அளவீடு என்பது, நீர்ப்பரப்பிலிருந்து அடிவரை கருவியை இறக்கி, வழிநெடுக வெப்பத்தையோ உப்பையோ வேகத்தையோ நேரில் அளந்து எழுதிய வரிசை. முன்னதைத் தொடர்ந்த கோடாகவும் பின்னதைத் தனித்தனிப் புள்ளிகளாகவும் வரைவது இத்துறையின் வழக்கம். கணக்கு எல்லா ஆழத்துக்கும் விடை தரும். அளவீடோ அளந்த இடத்துக்கு மட்டுமே பொறுப்பேற்கும். புள்ளிகளுக்கு இடையே வெற்றிடம் விட்டு வரைவது அந்தப் பொறுப்பின் எல்லையை நேர்மையாகக் காட்டுவதாகும்.

இவ்வொப்பீடு சென்னைக்குக் கணினியோடு வந்து சேர்ந்தது அன்று. இந்திய நில அளவைத் துறையின் பெரும் முக்கோண அளவைப் பிரிவு, பெயர்டு என்ற பொறியாளர் அதிகாரியின் முயற்சியால் 1870களில் கட்ச் வளைகுடாவில் கடல் ஏற்றவற்றத்தைப் பதிவு செய்யத் தொடங்கி, படிப்படியாகத் துறைமுகங்கள்தோறும் பதிவு நிலையங்களை நிறுவியது. சென்னையில் 1880இல் பதிவு தொடங்கிற்று. கடலோடு இணைந்த குழாய்க் கிணற்றில் மிதவை ஒன்று ஏறி இறங்க, அதன் அசைவைச் சுழலும் உருளையில் சுற்றிய தாளில் எழுதுகோல் இடையறாது வரைந்தது. அந்தக் கோட்டிலிருந்து சந்திரனாலும் சூரியனாலும் எழும் தனித்தனி அலைகளைப் பிரித்தெடுக்கும் முறையை வில்லியம் தாம்சன் வகுத்திருந்தார். பிரித்தெடுத்த அலைகளை மீண்டும் கூட்டி வருங்கால ஏற்றவற்றத்தைக் கணிக்க, எட்வர்டு ராபர்ட்ஸ் வடிவமைத்த கப்பிகளும் சக்கரங்களும் கொண்ட பொறி 1879இல் இலண்டனில் இந்தியத் துறைமுகங்களுக்கென்றே செய்யப்பட்டது. 1921இல் அது டேராடூனுக்குக் கொண்டுவரப்பட்டது.

இவ்வாறு கணிக்கப்பட்ட நேரங்களும் உயரங்களும் அட்டவணைகளாக அச்சாகிக் கப்பல்களுக்குச் சென்றன. அளவைத் துறை அத்துடன் நிற்கவில்லை. கணித்த ஏற்றத்தையும் பதிவான ஏற்றத்தையும் துறைமுகவாரியாக ஒப்பிட்டு, எத்தனை விழுக்காடு கணிப்புகள் குறித்த வரம்புக்குள் அமைந்தன என்பதைத் தன் அறிக்கைகளில் வெளியிட்டும் வந்தது. சொந்தக் கணக்கின் பிழையை அச்சில் ஏற்றும் இந்த வழக்கம், நீரியல் மாதிரிகளை இன்று சோதிக்கும் முறையின் நேரடி முன்னோடி என்று கொள்ளத்தக்கது. சென்னைக் கடலில் ஏற்றவற்றத்தின் வீச்சு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் என்பதால், புயற்காற்றோ பருவகால நீரோட்டமோ ஓரடி உயர்த்தினாலும் கணிப்புக்கும் அளவுக்குமான விலகல் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். கணக்கு அறியாத காரணம் ஒன்று கடலில் இயங்குகிறது என்பதை அவ்விலகலே அறிவித்தது.

தரமணியின் கோப்புகளுக்கும் அந்தத் துறைமுகப் பதிவுக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. நாடு முழுவதற்குமான உயர அளவைக்கு அடிப்படையாக, 1909ஆம் ஆண்டுச் சமன் கணக்கில் ஒன்பது துறைமுகங்களின் சராசரிக் கடல்மட்டம் பூச்சியமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவ்வொன்பதில் சென்னையும் நாகப்பட்டினமும் அடங்கும். ஒரு கிணற்றின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு இத்தனை மீட்டர் மேலே என்று இன்று எழுதப்படும்போது, அந்த எண்ணுக்குள் மிதவையும் உருளையும் எழுதிய பழைய கோடு அடங்கியிருக்கிறது. நிலத்திலிருந்து கீழ்நோக்கி அளந்த ஆழங்களை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு கிணறுகளுள் எதிலிருந்து எதற்கு நீர் நகரும் என்று கூற இயலாது. இரண்டையும் பொதுவான பூச்சியத்துக்கு மாற்றிய பிறகே சரிவு புலப்படும். மாதிரியின் கோட்டோடு புள்ளியை ஒப்பிடவும் முடியும்.

1875இல் கட்டத் தொடங்கி, 1881இன் புயலில் சிதைந்து, மீண்டும் எழுப்பப்பட்ட சென்னைத் துறைமுகத்தின் கதையும் ஆழ அளவீட்டின் கதையே. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலைத் துறைமுகச் சுவர்கள் தடுத்தமையால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே இராயபுரக் கரை அரிக்கப்பட்டது. ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கி எடுத்த ஆழ வரைபடங்களை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டுப் பார்த்தபோதே மணலின் போக்கு எண்ணாகப் பிடிபட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறுப்பிலிருந்த காலத்தில், கிழக்கு நோக்கியிருந்த வாயில் வடகிழக்குக்கு மாற்றப்பட்டது.

கணக்கால் எளிதில் அணுக முடியாத சிக்கல்களுக்குச் சிறிய உருவில் ஆற்றையே செய்து பார்க்கும் முறை பின்னர் வந்தது. குசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடிக்கப்பட்டு, பின்னர் சத்தியமூர்த்தி சாகர் எனப் பெயர் பெற்ற பூண்டி நீர்த்தேக்கத்தின் அருகிலேயே பாசன ஆய்வு நிலையம் ஒன்று அமைந்தது. அணைகளின் மதகும் கலிங்கும் ஆற்று வளைவும் திறந்தவெளியில் சிமெண்டாலும் மணலாலும் குறுகிய அளவில் அங்கே கட்டப்பட்டு, நீர் விடப்பட்டு, ஊசிமுனை அளவுகோலால் நீர்மட்டம் எடுக்கப்பட்டது. புவியீர்ப்பும் வேகமும் தம்முள் கொள்ளும் விகிதம் சிறிய உருவிலும் மாறாதிருக்க வேண்டும் என்று வில்லியம் ஃபிரவுடு வகுத்த விதியே இதற்கு அடிப்படை. ஆயினும் மாதிரியில் ஓடும் நீரை அப்படியே நம்பிவிடுவதில்லை. நடந்து முடிந்த ஒரு வெள்ளத்தின் நீர்மட்டங்களை முதலில் அது திரும்பக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் தரையின் சொரசொரப்பைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்ய வேண்டும். அளவுதிருத்தம் என்று இன்று கணினி முன் செய்யப்படும் வேலை பூண்டியில் கரணையாலும் கூழாங்கல்லாலும் செய்யப்பட்டது.

நிலத்தடி நீரில் இந்த ஒப்பீடு இன்னும் நுண்ணிய வடிவம் பெற்றது. மணலினூடே நீர் செல்லும் வேகம் மட்டச் சரிவுக்கு நேர்விகிதமானது என்று 1856இல் டார்சி நிறுவியிருந்தார். கிணற்றில் இறைக்க இறைக்கச் சுற்றுப்புற நீர்மட்டம் நேரத்தோடு எவ்வாறு தாழும் என்ற சமன்பாட்டை, வெப்பம் பரவும் கணக்கோடு ஒப்புநோக்கி 1935இல் சார்லஸ் தீஸ் தந்தார். அதைப் பயன்படுத்தும் முறை முழுக்க முழுக்க வரைபடத்தால் ஆனது. சமன்பாட்டின் வளைகோடு இரு அச்சிலும் மடக்கை அளவு கொண்ட தாளில் வரையப்பட்டிருக்கும். இறைப்புச் சோதனையில் அளந்த தாழ்வுகள் அதே அளவுகொண்ட ஒளிபுகும் தாளில் புள்ளிகளாக இடப்படும். இரண்டாவது தாளை முதலாவதன் மேல் வைத்து, அச்சுகள் இணையாக இருக்குமாறு மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்தி, புள்ளிகள் கோட்டின்மேல் படியும் நிலையைக் கண்டதும் நிறுத்துவர். அந்நிலையில் இரு தாள்களுக்கும் பொதுவான ஓரிடத்தின் எண்களைக் கொண்டு, அந்நிலப்படுகை எவ்வளவு நீரைக் கடத்தும், எவ்வளவைத் தேக்கும் என்ற இரண்டு மதிப்புகளும் பெறப்படும்.

ஒப்பீட்டு மென்பொருள் எதுவும் இதைவிட அடிப்படையில் வேறானதைச் செய்துவிடவில்லை என்பதைத் தயக்கமின்றிச் சொல்லலாம். தாளை நகர்த்தியவரின் கை, தொடக்க நிமிடங்களின் புள்ளிகள் கோட்டுக்குக் கீழே நிற்பதையும் கடைசிப் புள்ளிகள் வளைந்து விலகுவதையும் உணர்ந்தது. முன்னது கிணற்றுக்குள்ளேயே தேங்கியிருந்த நீரின் விளைவாக இருக்கலாம். பின்னது அருகில் பாறைத் தடுப்போ நீர் ஊட்டும் ஆறோ இருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். பொருந்தாத பகுதியிலிருந்து நிலத்தின் அமைப்பைப் படித்தறியும் இத்திறன் ஒரு தலைமுறை நிலத்தடி நீரியலாளரின் பயிற்சியாக அமைந்தது.

சென்னையைச் சுற்றி இப்பயிற்சிக்குப் பெருங்களமாக அமைந்தது நகருக்கு வடக்கே ஆரணியாறும் குசஸ்தலையும் பாயும் வண்டல் நிலம். ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு 1966 முதல் 1969 வரை அங்கே நடைபெற்ற ஆய்வின் பயனாக மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் கிணற்றுத் தொகுதிகள் அமைக்கப்பட்டு, மணலித் தொழிற்சாலைகளுக்கும் நகருக்கும் நீர் எடுக்கப்பட்டது. கடலருகே உள்ள மீஞ்சூரில் இறைப்பு மிகுந்ததும் கடல்நீர் நிலத்தடியில் உள்நோக்கி நகரத் தொடங்கியது. 1969இல் கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் அளவில் இருந்த உவர்நீரின் எல்லை, 1980களின் பிற்பகுதியில் ஒன்பது கிலோமீட்டர் அளவுக்குச் சென்றதாகப் பிந்தைய ஆய்வுகள் கணித்தன. சென்னைப் பெருநகர்ப் பகுதியின் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987இல் இயற்றப்பட்டதற்கு இந்தப் பகுதியின் அனுபவம் முக்கியமான பின்னணி.

கடல்நீர் புகுவதைக் கணிக்கும் மிகப் பழைய மாதிரி ஒரே வரியில் அடங்குவது. நெதர்லாந்துப் படை அதிகாரி பாடன் கைபனும் ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்ட்ஸ்பெர்க்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தனித்தனியே கண்ட விதி அது. கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு கனமானது; ஆகவே கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே நாற்பது அடிவரை நன்னீர் இருக்கும். மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பது அடி உப்பு எழும் என்பதே இதன் மறுபக்கம். தரமணிக்குக் கிழக்கே திருவான்மியூரிலிருந்து தெற்கே முட்டுக்காடு வரை கடலை ஒட்டி நீளும் மெல்லிய மணற்படுகையில் வாழ்பவருக்கு இதைவிடக் கவலைக்குரிய கணக்கு இல்லை. ஒரு பக்கம் வங்கக் கடலும் மறுபக்கம் பக்கிங்காம் கால்வாயும் நிற்க, இடைப்பட்ட மணலில் மழைநீர் மட்டுமே நன்னீராக மிதக்கிறது.

இவ்விதியை அளவோடு ஒப்பிட்டவர்கள் கண்ட விலகல்கள் விதியைவிடக் கற்பிக்கத்தக்கவை. விதியின்படி நன்னீரும் உவர்நீரும் கத்தியால் வெட்டினாற்போல் ஓர் எல்லையில் பிரிய வேண்டும். மின்கடத்துதிறனை, அதாவது நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் பண்பை, உணரும் கருவியைக் கிணற்றுக்குள் மெல்ல இறக்கி ஆழந்தோறும் குறித்தால், படிப்படியாக உப்பேறும் தடித்த கலப்புப் பகுதியே வரைபடத்தில் தெரியும். கோடு ஒரே இடத்தில் முறிய, புள்ளிகளோ சாய்வாக இறங்கும். கலப்பையும் பரவலையும் கணக்கில் கொண்ட பிற்கால மாதிரிகள் இச்சாய்வைப் பெரும்பாலும் விளக்கிவிட்டன. அளவீட்டின் மீதும் ஐயம் எழுந்தது. நீண்ட துளைக்குழாய் பொருத்திய கிணற்றுக்குள் வெவ்வேறு ஆழங்களின் நீர் ஏறியிறங்கிக் கலந்துவிடுவதால், கருவி காட்டுவது கிணற்றின் நிலையேயன்றி அதைச் சுற்றியுள்ள மண்ணின் நிலையாக இராது. வெவ்வேறு ஆழத்தில் குறுகிய துளைப்பகுதி மட்டும் கொண்ட தனித்தனிக் குழாய்களை அருகருகே இறக்கிய பின்னரே நம்பத்தக்க ஆழவாரி அளவீடு கிடைக்கும். புள்ளியும் தவறக்கூடும் என்பதை ஒப்பீட்டுக் கலை மிகுந்த செலவில்தான் கற்றுக்கொண்டது.

சாதாரணக் கிணற்றில் மட்டம் எடுப்பதிலும் இத்தகைய நுட்பங்கள் உண்டு. கைப்பிடிச் சுவரின்மேல் நிலையாக வண்ணமிட்ட இடத்திலிருந்து டேப்பை இறக்கி நீரைத் தொட்ட அளவை எழுதி, சுவரின் உயரத்தைக் கழித்தால்தான் தரையிலிருந்து ஆழம் கிடைக்கும். ஆழக் குழாய்களில் எஃகு டேப்பின் நுனிப்பகுதியில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து இறக்கி, நனைந்த எல்லையைப் படிப்பர். அருகிலுள்ள பம்ப் ஓடத் தொடங்குமுன் காலையிலேயே எடுக்க வேண்டும். உரிமையாளர் சுவரை அரையடி உயர்த்திப் பூசிவிட்டால், அவ்வுயர்வு பதிவேட்டில் ஏறாதவரை அடுத்த மாதம் முதல் நீர்மட்டம் அரையடி தாழ்ந்ததாகவே கணக்காகும். மாதிரி சரியாக இருந்தும் புள்ளிகள் அனைத்தும் கோட்டுக்குக் கீழே ஒரே சீராக நிற்கும். ஒரே அளவில், ஒரே திசையில் நிலைத்து நிற்கும் விலகல் தோன்றினால் சமன்பாட்டைத் திருத்துமுன் சுவரைப் போய்ப் பார் என்பதே களப்பணியாளரின் மரபறிவு.

கணினி இந்த வட்டாரத்துக்குத் தரமணியின் வடக்கு எல்லை வழியாக வந்தது எனலாம். 1959இல் தொடங்கப்பெற்ற இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெர்மனியின் உதவியோடு ஐ.பி.எம். 370 என்ற பெருங்கணினி 1973இல் நிறுவப்பட்டது. நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வந்த நீர், போன நீர், தேங்கிய நீர் ஆகியவற்றின் கணக்கை எழுதி, ஆயிரக்கணக்கான சமன்பாடுகளை ஒருங்கே தீர்க்கும் முறைக்கு இத்தகைய பொறிகளே இடம் தந்தன. அமெரிக்க நிலவியல் அளவைத் துறையில் மெக்டொனால்டும் ஹார்பாவும் உருவாக்கிய மாட்ஃப்ளோ என்ற நிரல் 1984இல் வெளியாகி, பின்னர் மேசைக் கணினிகளுக்கு வந்ததும், நிலத்தடி நீர் மாதிரி என்பது பெரும் நிறுவனங்களுக்கு மட்டும் உரியதாக இருந்த நிலை மாறிற்று. ஆரணி, குசஸ்தலைப் படுகையையும் அண்ணா பல்கலைக்கழக நிலவியல் துறையினர் இவ்வகை மாதிரிகளால் தொடர்ந்து ஆராய்ந்தனர். வரைபடக் கருவிகளும் அதே பத்தாண்டில் பரவின. கட்டளை வரிகளால் இயங்கும் க்னூபிளாட் 1986இல் தோன்றியது. சிதறிய புள்ளிகளிலிருந்து சமமட்டக் கோடுகளை வரையும் சர்ஃபர் நீரியல் அலுவலகங்களில் பரவலாகப் புழங்கியது.

தரமணியின் பதிவேடுகள் கணினிக்கு மாறியதில் 1995 முதல் 2003 வரை உலக வங்கியின் கடனோடும் நெதர்லாந்தின் தொழில்நுட்ப உதவியோடும் தீபகற்ப மாநிலங்களில் நடந்த நீரியல் திட்டத்துக்குப் பெரும் பங்குண்டு. நீரை அளப்பதற்கென்றே தோண்டிய, எவரும் இறைக்காத பீசோமீட்டர் எனும் கண்காணிப்புக் குழாய்கள் பெருகின. நீரின் அழுத்தத்தை உணர்ந்து மட்டத்தை நினைவகத்தில் பதியும் தானியங்கிக் கருவிகள் பொருத்தப்பட்டன. டெல்ஃப்ட் நிறுவனத்தின் ஹைமோஸ் மென்பொருள் ஆற்றோட்டப் பதிவுகளைச் சரிபார்க்கவும் வரையவும் கையாளப்பட்டது. இதனால் ஒப்பீட்டின் இயல்பே மாறியது. மாதத்துக்கு ஒருமுறை அளந்த காலத்தில், வடகிழக்குப் பருவத்தின் ஒரு புயல்மழைக்குப் பின் மாதிரி காட்டிய திடீர் ஏற்றம் புள்ளிகளில் இல்லாததால், மாதிரி மிகைப்படுத்துகிறது என்று முடிவு செய்யப்பட்டிருக்கக்கூடும். நாளுக்குப் பலமுறை பதியும் கருவியின் வரிசையிலோ, அந்த ஏற்றம் சில நாட்களில் எழுந்து தணிந்த உண்மை நிகழ்வாகவே தெரியவரலாம்.

பொருத்தத்தை ஒரே எண்ணால் கூறும் வழக்கமும் வலுப்பெற்றது. விலகல்களின் வர்க்கச் சராசரியின் வர்க்கமூலம் அவற்றுள் ஒன்று. நாஷும் சட்கிளிஃபும் 1970இல் முன்வைத்த திறன்குறியீடு மற்றொன்று. அது முழுப் பொருத்தத்துக்கு 1 என்றும், அளவீடுகளின் சராசரியை மட்டும் சொல்லியிருந்தாலும் இதே பயன்தான் என்ற நிலைக்கு 0 என்றும், அதைவிட மோசமானால் எதிர்மறை என்றும் மதிப்பிடும். இவ்வெண்கள் வேண்டியவையே; ஆனால் வரைபடத்தின் இடத்தை அவை பிடித்துக்கொள்ள விடுவது தவறு. நிலப்படுகையின் நீர்க் கடத்துதிறனைக் கூட்டி, அதற்கு வந்துசேரும் நீரூட்டத்தையும் கூட்டினாலும், இரண்டையும் சேர்த்துக் குறைத்தாலும் ஏறத்தாழ அதே நீர்மட்டம் கிடைக்கும். ஆகவே ஒரே திறன்குறியீட்டோடு ஒன்றுக்கொன்று முரணான பல மாதிரிகள் நிற்க முடியும் என்பதைக் கீத் பெவன் போன்றோர் வலியுறுத்தினர். நிலத்தடி நீர் மாதிரி எதையும் மெய்ப்பித்துவிட்டதாகக் கூற இயலாது, பொய்ப்பிக்கப்படாதிருக்கிறது என்றே கூறலாம் என்று 1992இல் கொனிகோவும் பிரெடஹாஃப்டும் எழுதினர். அளவுதிருத்தத்துக்குப் பயன்பட்ட ஆண்டுகளைத் தவிர்த்து, மாதிரி காணாத ஆண்டுகளின் அளவோடு ஒப்பிடுவது குறைந்தபட்ச நேர்மை.

வரைபட மென்பொருளின் அழகும் கண்ணை மயக்கவல்லது. கிணறுகள் நெருங்கிய இடத்திலும் கிணறே இல்லாத சதுப்பின் நடுவிலும் சமமட்டக் கோடுகளை அது ஒரே தடிப்பில், ஒரே உறுதியோடு வரைந்துவிடும். புள்ளிகளுக்கு இடையே மதிப்பை ஊகிக்கும் கிரிகிங் முறை, தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் டேனி கிரிகு செய்த பணியிலிருந்து வளர்ந்தது. ஊகத்தோடு ஊகத்தின் நிச்சயமின்மையையும் கணக்கிட்டுத் தருவது அதன் சிறப்பு. நிச்சயமின்மையைக் காட்டும் அந்த இரண்டாவது படத்தை அச்சிடாமல் விடுவதே பல அறிக்கைகளின் குறை. அளந்த கிணறுகளின் இடத்தைக் குறிக்காத நீர்மட்ட வரைபடத்தை அரைகுறை ஆவணம் என்றே கருத வேண்டும்.

ஆழவாரி ஒப்பீடு தன் முழு வீச்சைக் காட்டுவது கடலில்தான். இந்தியத் தொழில்நுட்பக் கழக (ஐ.ஐ.டி.) வளாகத்தில் 1993இல் தொடங்கி, பின்னர் பள்ளிக்கரணையில் நிலைகொண்ட தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் நங்கூரமிட்ட மிதவைகளை நிறுத்தி, 500 மீட்டர் ஆழம்வரை வெப்பத்தையும் உப்பையும் பதிவு செய்துவருகிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர் வங்கக் கடலின் மேற்பரப்பில் மெல்லிய போர்வையாகப் பரவுவதால், வெப்பம் சீராக இருக்கும் அடுக்கின் நடுவிலேயே உப்பு திடீரென மாறும் தடுப்படுக்கு உருவாகிறது. கீழுள்ள குளிர்ந்த நீர் மேலே வராதவாறு அது தடுக்கிறது. புயல்கள் வலுப்பெறுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. அடுக்குகளைத் தடிமனாக வகுத்த மாதிரிகள் இந்நன்னீரை ஆழத்தோடு கலந்துவிட்டு, மேற்பரப்பை உள்ளதைவிட உப்பாகக் காட்டும் குறை நெடுங்காலமாக அறியப்பட்டது. மேற்பரப்பு எண்ணை மட்டும் ஒப்பிட்டால் இது சிறு பிழையாகத் தோன்றும். ஆழவாரியாக வரைந்தால் தடுப்படுக்கே காணாமற்போயிருப்பது தெரியும்.

இவ்வரைபடங்களை உருவாக்குவதில் சிறியதாகத் தோன்றும் முடிவுகள் பல. மென்பொருள் தன் இயல்பில் பூச்சியத்தைக் கீழே வைத்து மேல்நோக்கி எண்ணும். கடலின் படத்திலோ பரப்பு மேலேயும் அடி கீழேயும் இருக்க வேண்டும் என்பதால் அச்சைத் தலைகீழாக்க வேண்டும். சில மாதிரிகளின் அடுக்குகள் கடலடியின் மேடுபள்ளத்தைத் தழுவிச் செல்வதால் ஒவ்வொரு இடத்திலும் அவை வெவ்வேறு ஆழத்தில் அமையும். மாதிரியின் மதிப்பை அளந்த ஆழத்துக்கு இடைக்கணிப்பதே முறை, அளந்ததை மாதிரியின் ஆழத்துக்கு நகர்த்துவது முறையன்று. வெப்பம் விரைந்து குறையும் அடுக்கை மாதிரி பத்து மீட்டர் கீழே வைத்துவிட்டால், வடிவம் முழுக்கச் சரியாக இருந்தும் அந்த ஆழங்களில் பிழை பல பாகையாகப் பெருகும். இடம் பெயர்ந்த பிழையையும் இயல்பு பிறழ்ந்த பிழையையும் வர்க்கச் சராசரி பிரித்தறியாது. இரண்டு வளைவுகளை அருகருகே காணும் கண் உடனே பிரித்தறியும்.

2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடிவரை நீர் திறந்துவிடப்பட்டு அடையாறு கரைபுரண்டபோது, வீட்டுச் சுவர்களில் வெள்ளம் விட்டுச்சென்ற கறைக்கோடுகளே பல தெருக்களுக்குக் கிடைத்த ஒரே ஆழ அளவீடாயின. அவற்றின் உயரத்தைக் கடல்மட்டத்துக்கு மாற்றிக் குறித்தாலன்றி எந்த வெள்ள மாதிரியையும் அத்தெருவில் சோதிக்க வழியில்லை. அந்த வெள்ளத்துக்குப் பிறகு பள்ளிக்கரணையின் தேசியக் கடலோர ஆய்வு மையம், ஐ.ஐ.டி.க்கள், அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவற்றின் கூட்டு முயற்சியாகச் சென்னைக்கான கடலோர வெள்ள முன்னறிவிப்பு முறை உருவாக்கப்பட்டது. மழை, ஆறு, கடல் ஏற்றவற்றம், புயலலை ஆகிய தனித்தனிக் கணக்குகள் அதில் கோக்கப்பட்டுள்ளன. 1880இல் துறைமுகத்தில் தொடங்கிய கணிப்பு அவற்றுள் ஒன்றின் மூதாதை.

இன்று இத்தொழிலுக்கு நேரும் இடர் கணக்கின் பக்கத்திலிருந்து வருவதன்று. நகரம் தெற்கே பரவியதில் நெடுங்காலம் அளக்கப்பட்ட திறந்த கிணறுகள் மூடப்படுகின்றன, மனைகளுக்குள் மறைகின்றன, குப்பையால் தூர்கின்றன. முப்பது ஆண்டுத் தொடர் பதிவு கொண்ட கிணறு ஒன்று அழிந்தால் அதற்கு ஈடாகப் புதிய குழாய் ஒன்றை அருகில் இறக்கிவிடலாம். ஆனால் திறந்த கிணறு மேற்பரப்பை ஒட்டிய நீரையும், குழாய் அதன் கீழுள்ள பாறை வெடிப்புகளின் நீரையும் காட்டக்கூடும் என்பதால், இரண்டின் புள்ளிகளையும் ஒரே கோடாக இணைத்தால் இல்லாத வீழ்ச்சியொன்று வரைபடத்தில் பிறக்கும். ஆகவே பழையதை மூடுமுன் குறைந்தது ஒரு பருவமழையும் ஒரு கோடையும் இரண்டையும் ஒருங்கே அளந்து, இடையிலுள்ள வேறுபாட்டைப் பதிவேட்டில் எழுதிய பின்னரே புதியதைப் பழையதன் தொடர்ச்சியாக ஏற்க வேண்டும்.